முட்சுறாவின் பெயரும் ஈரலின் விலையும்

ஆழ்கடல் முட்சுறாவின் வரலாறு இரு தடங்களில் நடந்தது. ஒன்று பெயரின் வரலாறு. மற்றொன்று விலையின் வரலாறு. இந்தியக் கடல்களில் விலை முந்திக்கொண்டது.

'செண்ட்ரோபோரஸ் கிரானுலோசஸ்' என்னும் அறிவியற்பெயரின் பின்சொல், பெர்லினில் 1801-இல் வெளிவந்த பிளாக், ஷ்னைடர் ஆகியோரின் மீன் நூலுக்குரியது. குருணை போன்ற சொரசொரப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது. 'முள் தாங்கி' எனப் பொருள்படும் கிரேக்க முன்சொல்லை 1837-இல் முல்லரும் ஹென்லேயும் வழங்கினர். பெயர் பொருத்தமானதே: முதுகுத் துடுப்புகள் இரண்டன் முன்னும் ஒவ்வொரு முள் உண்டு, குதத் துடுப்பு இல்லை, மங்கிய ஒளியிலும் காணவல்ல பெரிய பசுங்கண்கள் உண்டு. எனினும் முதல் விவரிப்பு மிகச் சுருக்கமானது. அதற்கு ஆதாரமான மாதிரியும் தொலைந்துபோயிற்று. ஆகவே ஒரே பெயர் பல இனங்களின்மீது ஏறியது.

இந்தியாவிலும் இக்குழப்பம் நேர்ந்தது. 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் கடலளவைக் கப்பலில் 1888 முதல் 1892 வரை மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் பணியாற்றிய ஆல்காக், 1898-இல் ஒரு சுறாவைப் புதிய முள்தாங்கி இனமாக அறிவித்தார். பின்னர் அது வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது எனத் தெளிந்தது.

விலையின் வரலாறு ஈரலில் தொடங்குகிறது. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. நீரினும் இலேசான எண்ணெய் நிறைந்த ஈரலே அதை மிதக்க வைக்கிறது. ஜப்பானிய வேதியியலாளர் சுஜிமோட்டோ 1906-இல் சுறா ஈரலெண்ணெயில் கண்டறிந்த நீர்க்கரிமத்துக்கு 1916-இல் 'ஸ்குவாலீன்' என்று பெயரிட்டார். சுறாவைக் குறிக்கும் 'ஸ்குவாலஸ்' என்பதிலிருந்து பிறந்த சொல் அது. ஒப்பனைத் தொழில் அதை நாடியது. மாலத்தீவில் 1980 அளவில் தொடங்கிய ஈரலெண்ணெய் மீன்பிடிப்பு, சில ஆண்டுகளில் உச்சம் தொட்டுப் பத்தாண்டு அளவிலேயே சரிந்தது. சூல் காலம் ஏறத்தாழ 2 ஆண்டுகள், ஓர் ஈற்றுக்குச் சில குட்டிகள், இனத்தைப் பொறுத்து ஒன்றே என்னும் அளவில் பெருகும் உயிர் வேறெவ்வாறும் ஈடுகொடுத்திருக்க இயலாது.

கொச்சியை மையமாகக் கொண்ட ஆழ்கடல் சுறாப்பிடிப்பு 2002 அளவில் தொடங்கியது. சுறா வேட்டையில் தலைமுறைத் தேர்ச்சி பெற்ற, குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் அதில் முன்னின்றனர். முந்தைய ஆண்டு ஜூலையில் சுறா, திருக்கை அனைத்தையும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்த ஆணை, டிசம்பரில் சில இனங்களுக்கு மட்டுமெனச் சுருக்கப்பட்டிருந்தது. அச்சுருங்கிய பட்டியலில் ஆழ்கடல் முட்சுறா எதுவும் இல்லை.

கிரானுலோசஸ் என்னும் பெயருக்கு உரிய இனம் எது என்பது, புதிய மாதிரியொன்றை அடையாளமாக நிறுவி 2013-இல்தான் முறைப்படுத்தப்பட்டது. அதற்குள் கொச்சியில் பத்தாண்டுப் பிடிப்பு நடந்துவிட்டது. மொத்தப் பிடிப்புக் கணக்குகளோ சுறா, உழுவை, திருக்கை என்னும் பெரும்பிரிவுகளிலேயே அமைந்தவை. 'சுறா' என்ற ஒரு சொல்லுக்குள் கரையோரத்துச் சுறாவும் ஆழ்கடல் முட்சுறாவும் ஒன்றாயின. ஓர் இனம் குறைவதை அறிய, அதற்கெனத் தனிப் பெயரும் தனிக் கணக்கும் வேண்டும். இறங்குதளங்களில் ஆய்வாளர்கள் இனம் பிரித்து எழுதிவைத்த குறிப்புகளே அந்தப் பத்தாண்டுக்கு இன்று எஞ்சியுள்ள நம்பத்தகுந்த சான்று.