அட்சரகணிதம்

யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களில் அட்சரகணிதம் என்று படிப்பிப்பதைத் தமிழ்நாட்டார் இயற்கணிதம் என்பர். அட்சரம் என்றால் எழுத்து. தெரியாத கணியத்துக்கு ஓர் எழுத்தை வைத்துச் செய்யும் கணிதம் இது. புதிதாகப் படிக்கும் பிள்ளைக்குப் பாடம் முழுவதும் இந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இதற்கு முந்திய பெயர் வீசகணிதம். பீஜம், அதாவது வித்து, தமிழில் வீசம் ஆனது. பதினாறில் ஒரு பங்கைக் குறிக்கும் வீசத்தோடு இதைக் குழப்பக்கூடாது. 12ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் தம் நூலுக்கு வைத்த பெயரும் பீஜகணிதமே. வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கறல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் என்ற பாடநூலைத் தமிழில் வெளியிட்டார். தமிழில் உயர்கணிதம் கற்கலாம் என்று அன்றே காட்டிய அந்த நூலை நம் மாணவர் அறியவேண்டும்.

இக்கணிதத்தின் ஆங்கிலப் பெயரான அல்ஜீப்ரா, அரபுச் சொல்லான அல்-ஜப்ரிலிருந்து வந்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் நூற்பெயரில் அச்சொல் உண்டு. குறைந்ததை நிறைத்தல் என்று அதற்குப் பொருள். சமன்பாடு தீர்க்கும்போது நாம் செய்வதும் அதுவே. மூன்று கட்டுப் பனங்கிழங்கு வாங்கி, 5 கிழங்கை அயலுக்குக் கொடுத்தபின் 25 மிஞ்சியது என்போம். ஒரு கட்டில் உள்ளவை ‘க’ என்றால், 3க − 5 = 25. குறைந்த 5ஐ இருபக்கமும் கூட்டினால் 3க = 30. இருபக்கத்தையும் மூன்றால் வகுக்க, க = 10.

வித்து, எழுத்து, நிறைத்தல் ஆகிய மூன்றில், தொடங்கும் பிள்ளைக்கு எழுத்தே எளிது.