ரெண்டு டீம், ஒரு ரன்

கோரிமேட்டுக்காரர்களுக்கு மாநில எல்லை என்பது மேப்பில் பார்க்கும் சமாச்சாரம் இல்லை. திண்டிவனம் ரோட்டில் கொஞ்சம் போனால் தமிழ்நாடு வந்துவிடும். ஐபிஎல் என்றால் பிரச்சினையே கிடையாது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மஞ்சள் சட்டைதான். ரஞ்சி என்று வரும்போதுதான் "நம்ம டீம் எது?" என்ற கேள்வி. 2018 வரைக்கும் எங்களுக்கு அதற்கு ஒரே பதில், தமிழ்நாடு. அந்த டீமை நம்பி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஆரம்பம் என்னவோ அமர்க்களம். ரஞ்சி கோப்பையின் முதல் மேட்சே சேப்பாக்கத்தில்தான், 1934 நவம்பர் 4. மைசூரை மெட்ராஸ் ஒரே நாளில் சுருட்டிவிட்டது. ஏ.ஜி. ராம்சிங் மட்டும் 11 விக்கெட். ஆனால் கோப்பை கைக்கு வர இருபது வருஷம் ஆனது. 1954-55 சீசன், இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ரன்னில் ஜெயித்தார்கள். புதுச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறியது 1954 நவம்பர் 1. நாம் வந்து சேர்ந்த சீசனிலேயே கோப்பை! (தற்செயல்தான். ஆனாலும் ரசிகனுக்கு இதெல்லாம் ஒரு கணக்கு.)

அடுத்த கோப்பை 1987-88ல். வாசுதேவன் கேப்டன், சேப்பாக்கத்தில் ரயில்வேஸுக்கு எதிராக. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அதற்கப்புறம் இன்று வரை ரஞ்சி கோப்பை கிடையாது. 1992லிருந்து 2015க்குள் ஆறு ஃபைனல், ஆறும் தோல்வி.

தோற்பதிலும் எத்தனை தினுசு பாருங்கள். 1973 ஃபைனலில் பம்பாயை 151க்கும் 113க்கும் அவுட்டாக்கிவிட்டு, நம்மவர்கள் 80, 61 என்று படுத்தார்கள். பத்மாகர் சிவால்கர் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 34 ரன் கொடுத்து 13 விக்கெட். இதையாவது பிட்ச் மேல் பழிபோட்டு ஆற்றிக்கொள்ளலாம்.

2012 ஜனவரியில் நடந்தது வேறு ரகம். ரஞ்சி ஃபைனல் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்றவருக்குத்தான் கோப்பை. சேப்பாக்கத்தில் ராஜஸ்தான் டாஸ் ஜெயித்து பேட்டிங். வினீத் சக்சேனா 257 அடித்தார். அடித்தார் என்பதைவிட நின்றார் என்பதே சரி, ரெண்டு நாளுக்கும் மேலே. ஸ்கோர் 621. பதிலுக்கு நாம் முந்நூறைக்கூடத் தொடவில்லை. மிச்ச நேரமெல்லாம் சும்மா சடங்கு. தோற்றது தெரிந்த பிறகும் மேட்ச் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்ப்பது இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம்.

2015 வான்கடேயில் கர்நாடகா. நாம் 134, அவர்கள் 762. கருண் நாயர் 328. அவர்கள் கேப்டன் வினய்குமார் ஐந்து விக்கெட்டும் எடுத்து சதமும் அடித்தார். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மைவிடப் பாவப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் சோமர்செட் கவுன்டி 1891ல் சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தது, இதுவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. 2010ல் நாட்டிங்காம்ஷையரோடு சம புள்ளி; ஜெயித்த மேட்ச் எண்ணிக்கையில் பின்தங்கியதால் கோப்பை போனது. 2016ல் தங்கள் மேட்சை முடித்துவிட்டு, லார்ட்ஸில் மிடில்செக்ஸும் யார்க்‌ஷையரும் என்ன செய்கிறார்கள் என்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டோபி ரோலண்ட்-ஜோன்ஸ் ஹாட்ரிக் எடுத்து மிடில்செக்ஸுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டார். டான்டனில் அன்று சாயங்காலம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

2018-19ல் ரஞ்சிக்குள் ஒன்பது புது அணிகள் வந்தன. அதில் ஒன்று புதுச்சேரி. சந்தோஷம்தான். ஆனால் டீம் பட்டியலைப் பார்த்தால் பங்கஜ் சிங், அபிஷேக் நாயர் என்று பிற மாநிலத்து சீனியர்கள். "இது நம்ம டீமா?" என்று இங்கேயே பலர் முணுமுணுத்தார்கள். அடுத்த சீசனில் யார் வந்தார் தெரியுமா? அதே வினய்குமார்! நாலு வருஷமாகத் திட்டிய ஆளுக்கு இப்போது கை தட்ட வேண்டும். தட்டினேன்.

2021 கடைசியில்தான் நிஜமான சோதனை. நவம்பர் 22, முஷ்டாக் அலி டி20 ஃபைனலில் கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவை. ஷாருக் கான் சிக்ஸர் அடித்து கர்நாடகாவை வீழ்த்தினார். 2019ல் அதே ஃபைனலில் அதே கர்நாடகாவிடம் ஒரு ரன்னில் தோற்ற கடன் தீர்ந்தது. அடுத்த மாதமே திருவனந்தபுரத்தில் விஜய் ஹசாரே, தமிழ்நாட்டுக்கு எதிரே புதுச்சேரி. மழை குறுக்கிட்டு, விஜேடி கணக்கில் புதுச்சேரி ஜெயித்தது. வித்தியாசம் ஒரு ரன்!

ஒரே ரன்னில் ஜெயித்ததும் நான், தோற்றதும் நான். மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கேட்டால், சின்ன டீம் பக்கம்தான். தமிழ்நாடு அதற்கப்புறமும் ஃபைனல் வரை போய், வழக்கம்போல ஹிமாச்சலிடம் தோற்றது.

2024 ஜனவரியில் டெல்லியை டெல்லியிலேயே புதுச்சேரி ஒன்பது விக்கெட்டில் வீழ்த்தியது. கௌரவ் யாதவுக்கு பத்து விக்கெட். அவரும் மத்தியப் பிரதேச இறக்குமதிதான், இருக்கட்டும். மார்ச்சில் தமிழ்நாடு செமிஃபைனலில் மும்பையிடம் மாட்டியது. மும்பை 106க்கு 7 என்று இருந்தபோது ஆபீஸ் மீட்டிங்கில் ஸ்கோரை ரெஃப்ரெஷ் பண்ணிக்கொண்டே இருந்தேன். ஷர்துல் தாக்கூர் 109 அடித்தார். இன்னிங்ஸ் தோல்வி.

இப்போது ரஞ்சி அட்டவணை வந்ததும் சேப்பாக்கத்தில் எத்தனை மேட்ச், துத்திப்பட்டில் எத்தனை மேட்ச் என்று ரெண்டையும் பார்க்கிறேன். துத்திப்பட்டுக்கு பைக்கிலேயே போய்விடலாம்.