ஐவரில் எஞ்சிய ஒருவர்

1911 ஜூன் 17 அன்று லண்டனில் பெண்கள் வாக்குரிமை கேட்டு மாபெரும் ஊர்வலம் போனார்கள். அதில் சேலை கட்டி நடந்த இந்தியப் பெண்களில் ஒருவர் கல்கத்தாவைச் சேர்ந்த லோலிதா ராய். அவருடைய மகன் இந்திரலாலுக்கு அப்போது 12 வயது. முதல் உலகப் போர் வந்ததும் விமானியாக வேண்டும் என்று பையன் பிடிவாதம் பிடித்தான். கண்பார்வை சரியில்லை என்று படையில் திருப்பி அனுப்பிவிட, மோட்டார் சைக்கிளை விற்ற பணத்தில் வேறொரு கண் மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்கினான் என்று சொல்வார்கள். 1918 ஜூலையில் பிரான்ஸ் வானில், இரண்டு வாரத்துக்குள் 10 வெற்றிகள் அவன் கணக்கில் சேர்ந்தன. 22ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டபோது 20 வயதுகூட நிரம்பவில்லை. இறந்த பிறகு அவனுக்கு டிஎஃப்சி என்னும் விமானப்படை வீர விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியன் அவனே.

லோலிதா ஊர்வலத்தில் நடந்த அதே 1911இல், மார்ச் 5 அன்று கல்கத்தாவில் பிறந்தவர், பின்னாளில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியான சுப்ரதோ முகர்ஜி. இந்திரலால் அவருக்கு உறவில் மாமா முறை.

இந்த வீடுகளை நினைத்தால் ஆங்கிலேய ராணுவம் கட்டிவைத்திருந்த ஒரு கொள்கை வேடிக்கையாகத்தான் தெரிகிறது. வங்காளிக்குப் பேனா பிடிக்கத்தான் வரும், போருக்கென்று பிறந்த இனங்கள் வேறு என்பது அவர்கள் கணக்கு. சுப்ரதோவின் அப்பா சதீஷ் சந்திர முகர்ஜி ஐசிஎஸ் அதிகாரி. தாய்வழித் தாத்தா பி. கே. ராய், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். அக்கா ரேணுகா ராய் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர். படிப்பும் பதவியும் நிறைந்த அந்த வீட்டில், நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டிக்குத்தான் விமான ஆசை வந்தது.

இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் பயிற்சி முடித்த முதல் இந்தியர்களில் அவரும் ஒருவர். 1932 அக்டோபர் 8 அன்று இந்திய விமானப்படை காகிதத்தில் பிறந்தது. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோட்டில் அது உருவம் பெற்றது: நான்கு வாபிட்டி விமானங்கள், ஐந்து இந்திய விமானிகள். ஒரு நாட்டின் விமானப்படை மொத்தமும் அவ்வளவுதான்!

அந்த ஐவரின் கதையைக் கேளுங்கள். பூபேந்திர சிங், அமர்ஜீத் சிங் இருவரும் அதே ஆண்டு விமான விபத்தில் மாண்டார்கள். இன்னொரு விபத்துக்குப் பின் சிர்கார் பணியை இழந்தார். அவான் காவல்துறைக்குப் போய், பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் உளவுத் துறைத் தலைவரானார். எஞ்சியவர் முகர்ஜி ஒருவர். அவர் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தொழிலில் உயர்வதற்கு முதல் தகுதி உயிரோடு இருப்பது.

1939இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மார்ச்சில், டிரிக் ரோட்டில் பிறந்த அந்தப் படைப்பிரிவான முதலாம் ஸ்குவாட்ரனின் தலைமை அவரிடம் வந்தது. அதுவரை எந்த இந்தியரும் ஒரு ஸ்குவாட்ரனுக்குத் தலைவராக இருந்ததில்லை. அதே ஆண்டில் மராத்தியக் குடும்பத்துப் பெண்ணான சாரதா பண்டிட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். நேருவின் தங்கை விஜயலட்சுமியின் கணவர் ரஞ்சித் பண்டிட்டுக்கு சாரதா சகோதரர் மகள்.

மாப்பிள்ளை பறந்துகொண்டிருந்தது வடமேற்கு எல்லைப்புறத்தில். 1940இல் வசீரிஸ்தானில் பழங்குடிப் போராளிகள் சூழ்ந்துகொண்ட ஒரு காவல் அரணில் தோட்டா தீர்ந்துகொண்டிருந்தது. முகர்ஜியும் அவருடைய துப்பாக்கிவீரரும் தங்கள் விமானத்துத் தோட்டாக்களையே கழற்றிக் காலுறைகளுக்குள் திணித்தார்கள். கீழே இருந்து சுடச்சுட, தாழப் பறந்து அரணுக்குள் போட்டார்கள். பின்னர் கோஹாட் விமானத் தளத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. அங்கும் அவரே முதல் இந்தியர்.

சுதந்திரம் வந்ததும் தலைமைப் பதவி வந்துவிடவில்லை. எல்ம்ஹர்ஸ்ட், ஐவ்லா-சாப்மன், கிப்ஸ் என மூன்று ஆங்கிலேயர்கள் அடுத்தடுத்து இந்திய விமானப்படையை நடத்தினார்கள். 1954 ஏப்ரல் 1 அன்று, டிரிக் ரோடு நாளுக்குச் சரியாக 21 ஆண்டுகள் கழித்து, முகர்ஜி தலைமைத் தளபதியானார். மிஸ்டேர், ஹண்டர், கான்பரா போன்ற ஜெட் விமானங்கள் வந்து சேர்ந்த காலம் அது. கால்பந்துப் பித்தரான அவர் பெயரில்தான் பள்ளி மாணவர்களுக்கான சுப்ரதோ கோப்பை 1960 முதல் நடக்கிறது.

அந்த 1960 நவம்பரில், ஏர் இந்தியாவின் முதல் டோக்கியோ பயணத்தில் அவரும் போனார். 8ஆம் தேதி டோக்கியோ உணவகம் ஒன்றில் நண்பருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உணவு மூச்சுக்குழாயில் சிக்கியது. மருத்துவர் வருமுன் உயிர் போய்விட்டது. எல்லைப்புறத் தோட்டாக்களுக்குத் தப்பியவருக்கு இப்படி ஒரு சாவு. டெல்லியில் நடந்த இறுதிச் சடங்கில், வயதுக்கு ஒன்றாக 49 விமானங்கள் மேலே அணிவகுத்துப் பறந்தன.

தளபதியின் மனைவி என்ற இடம் கணவரோடு முடிந்துவிடும் இடம். சாரதாவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டிய வயது. 1962 பொதுத்தேர்தலில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார். 1967இலும் அதே தொகுதி அவரையே அனுப்பியது. 1977இல் ஆந்திராவுக்கும் அடுத்த ஆண்டு குஜராத்துக்கும் ஆளுநரானார். 1983 வரை குஜராத் ராஜ்பவனில் இருந்தார்.