கூலி: வசையான ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கிலேயர் நம் மண்ணில் இருந்த காலத்தில் தமிழ்ச் சொற்கள் பல அவர்கள் மொழியில் குடியேறின. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதிகளில் இன்றும் இருக்கின்றன. சென்ற இடத்தில் அவற்றுக்குப் பெருங்கேடு எதுவும் நேரவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் புழங்கிய ஒரு சொல் நம்மிடம் இருந்த மதிப்பை அங்கே இழந்து வசைச்சொல்லாகிவிட்டது. அது 'கூலி'.

தேனி மாவட்டத்துக் கூடலூரில் இச்சொல்லைக் கேளாமல் ஒரு நாளும் விடிவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் விடியுமுன்பே ஜீப்புகளில் ஏறிக் குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர், மாலையில் திரும்புகின்றனர். நெல் வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் செல்வோர் வேறு. "இன்று கூலி எவ்வளவு?" என்பது இங்கே அன்றாடக் கேள்வி. அக்கேள்வியில் கூலி என்பது பணத்தைக் குறிக்கிறது. அதைப் பெறும் மனிதரைக் குறிப்பதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு இச்சொல் சென்ற வழியைப் பார்ப்போம்.

தமிழில் கூலி மிகப் பழைய சொல். திருக்குறளின் 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தில், 619ஆம் குறளில் அது வருகிறது. ஊழ் கைகொடாவிட்டாலும், உடலை வருத்தி உழைத்தவனுக்கு அவ்வுழைப்பு தன் பயனைத் தந்தே தீரும் என்பது அக்குறளின் கருத்து. அங்கே கூலி என்பது உழைப்பின் பயன். அதில் இழிவு எதுவும் இல்லை. நம் பேச்சிலும் அப்பொருள் நிலைத்திருக்கிறது. நகைக்கடையில் செய்கூலி கேட்கிறோம். சந்தையில் வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி கொடுக்கிறோம். வேலை செய்பவரைச் சொல்லும்போது 'கூலியாள்', 'கூலிக்காரர்' என்று ஆளையும் சேர்த்தே சொல்வது தமிழ் மரபு.

ஆங்கிலத்தில் ஆள் உதிர்ந்துபோனார். கூலி மட்டும் மிஞ்சியது. ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்திய அகராதி 1886இல் வெளிவந்தது. சுமை தூக்குபவர், கூலிக்கு வேலை செய்பவர், வெளிநாட்டு வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் ஆகியோருக்கான பெயராகவே அந்நூல் இச்சொல்லைப் பதிவு செய்தது.

சொல்லின் பிறப்பிடம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மேற்கிந்தியாவின் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பர் சிலர். தமிழ், கன்னட மொழிகளில் ஊதியத்தைக் குறிக்கும் கூலியே மூலம் என்பர் வேறு சிலர். அடிமையைக் குறிக்கும் துருக்கியச் சொல்லான 'குல்' என்பதோடு இதைத் தொடர்புபடுத்துவோரும் உளர். ஒரே ஒலியுள்ள சொற்கள் துறைமுகங்களில் ஒன்றோடொன்று கலந்திருக்கவும் கூடும். மூலம் எதுவாயினும், ஐரோப்பியர் நாவில் அது மனிதரின் பெயராயிற்று. பிறகு அது சீனத் துறைமுகங்களுக்கும் பரவியது. சீனர் அதைக் 'குலி' என ஒலித்து, 'கசப்பு', 'வலிமை' ஆகிய பொருள்களைத் தரும் இரண்டு எழுத்துகளால் எழுதினர். உழைப்பவரின் துயரம் அவ்வெழுத்துகளிலேயே இருக்கிறது.

ஹாப்சன்-ஜாப்சன் வெளிவந்த அதே 1886இல், அக்டோபர் 29ஆம் நாள், முல்லைப் பெரியாறு அணைக்கான 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887இல் பணி தொடங்கியது. அடர்காட்டில், பெருமழையிலும் வெள்ளத்திலும் காய்ச்சலிலும் தொழிலாளர் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தனர். மலையைக் குடைந்து நீருக்கு வழி செய்தனர். பலர் அங்கேயே மாண்டனர். 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. கூடலூரை அடுத்துள்ள லோயர் கேம்ப்பின் பெயர் அந்தப் பணிக்கால முகாமை இன்றும் நினைவூட்டுகிறது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்த நீரால்தான். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னி குவிக்குக்கு 2013 ஜனவரியில் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டியவர்களும் இப்பள்ளத்தாக்கில் உண்டு. நன்றி மறவாமை நல்ல பண்பு. ஆனால் அவருடன் நின்று கல் சுமந்தவர்களில் ஒருவர் பெயரேனும் நம் நாவில் இல்லை. பெயருக்குப் பதிலாக ஒரு பொதுச்சொல் போதும் என்று ஒரு காலம் கருதியதன் விளைவு இது.

கடல் கடந்தவர்களின் நிலை இன்னும் கொடியது. 1834இல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். அவ்வாண்டு நவம்பரில் மொரீஷியஸ் தீவுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் கரையேறிய இடத்துக்குக் 'கூலித்துறை' என்றே பெயர் வழங்கியது; அதுவே இன்று ஆப்ரவாசி காட் என்னும் உலக மரபுச் சின்னம். 1860இல் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து தொழிலாளரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1917இல் ஒப்பந்தமுறை நிறுத்தப்படும் வரை, கயானா, டிரினிடாட், ஃபிஜி எனப் பல நாடுகளுக்கும் இந்தியர் இவ்வாறு சென்றனர். இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் கங்காணிகள் வழியே சென்ற தமிழரும் அதே சொல்லால் அழைக்கப்பட்டனர்.

தென்னாப்பிரிக்காவில் இச்சொல் தொழிலாளரோடு நிற்கவில்லை. எல்லா இந்தியர் மீதும் விழுந்தது. வழக்கறிஞராக அங்கே சென்ற காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' என்று அழைக்கப்பட்டதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அங்கே அவர் தரும் இன்னொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தம்மைக் கூலி என்று அழைத்தபோது முஸ்லிம் வணிகர்கள் அதை ஏற்காமல், தாங்கள் அரபிகள் என்று சொல்லிக்கொண்டார்களாம்.

அவர்கள் மனம் புண்பட்டதில் வியப்பில்லை. ஆயினும் அந்த மறுமொழியில் ஒரு குறை இருக்கிறது. 'நாங்கள் அவர்களைச் சேர்ந்தவர்கள் அல்லர்' என்று விலகிக்கொள்பவர், உழைப்பவர் இழிவானவர் என்னும் வெள்ளையரின் கருத்தைத் தாமும் ஒப்புக்கொண்டுவிடுகிறார். கப்பலில் வந்திறங்கிய தொழிலாளரிடையே முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களுக்கு அந்த மறுமொழியில் இடமில்லை.

இஸ்லாம் கற்றுத் தந்த மொழி வேறு. அரபியில் 'அஜ்ர்' என்பது ஊதியத்தையும் குறிக்கும். இறைவன் தரும் பரிசையும் குறிக்கும். அதே வேரிலிருந்து பிறந்த 'உஜ்ரத்' கூலிப்பணம். 'அஜீர்' கூலிக்கு வேலை செய்பவர். திருக்குர்ஆனைத் தமிழில் பெயர்த்த அறிஞர்கள் 'அஜ்ர்' என்னும் சொல்லுக்குத் தேர்ந்தெடுத்தவை 'கூலி', 'நற்கூலி' என்பனவே. நூஹ், ஹூத், ஸாலிஹ், லூத், ஷுஐப் (அலைஹிமுஸ்ஸலாம்) ஆகிய நபிமார்கள் தம் மக்களிடம் கூலி எதையும் கேட்கவில்லை என்றும், தங்கள் கூலி அகிலங்களின் இறைவனிடமே இருக்கிறது என்றும் கூறியதை 'அஷ்ஷுஅரா' அத்தியாயம் திரும்பத் திரும்ப எடுத்துரைக்கிறது. டர்பன் கடைத்தெருவில் வசையாக ஒலித்த சொல், நம் துஆக்களில் நாம் கையேந்திக் கேட்கும் சொல்லாக இருக்கிறது.

நபிமார்களே கூலிக்கு உழைத்தவர்கள். மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரில் எட்டு ஆண்டு, விரும்பினால் பத்து ஆண்டு என்ற உடன்படிக்கையில் பணி செய்ததை 'அல்கஸஸ்' அத்தியாயம் கூறுகிறது. நம் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்ததாக அவர்களே கூறியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. வியர்வை உலரும் முன்னர் உழைத்தவருக்குக் கூலியைக் கொடுத்துவிடும்படி அவர்கள் கட்டளையிட்டதை இப்னு மாஜா பதிவு செய்துள்ளார். மறுமையில் அல்லாஹ்வே எதிர்நின்று வழக்காடும் மூவரில் ஒருவர், ஆளிடம் முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவர் என்ற எச்சரிக்கையும் புகாரியில் உண்டு. அன்றாடக் கூலி பாக்கியை அத்துணைப் பெரிய வழக்காக மார்க்கம் வைத்திருக்கிறது.

சொல்லை மாற்றினால் போதும் என்று கருதுவோரும் உண்டு. 2016ஆம் ஆண்டு ரயில்வே நிதிநிலை அறிக்கையில், சுமைதூக்கும் தொழிலாளரை இனி 'சஹாயக்', அதாவது உதவியாளர், என்று அழைக்கலாம் என அறிவிக்கப்பட்டது. மொரீஷியஸ் கவிஞர் கால் தோராபுள்ளி இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். வசையான அதே சொல்லிலிருந்து 'கூலிட்யூட்' என்னும் புதுச்சொல்லை உருவாக்கி, கடல் கடந்த முன்னோரின் வரலாற்றை மதிப்போடு பேசினார். முதல் வழி காதுக்கு இதமானது. இரண்டாவது வழி நினைவைக் காப்பது. எனினும், மாலையில் கணக்குப் பார்த்துக் காசு எண்ணும் கை நேர்மையாக இருந்தால்தான் எந்தச் சொல்லுக்கும் மதிப்பு வரும்.

ஆகவே இச்சொல்லை அதன் பழைய இடத்தில் வைப்பது நம் வீடுகளில் தொடங்கட்டும். மனிதரைக் 'கூலி' என்னாமல் அவர் பெயரைக் கேட்டு அழைப்போம். வேலைக்கு வரும் முதியவரை நம் பிள்ளைகள் 'வா, போ' என்றால் திருத்துவோம். 'நாளைக்கு வாங்கிக்கொள்' என்று ஒருவரை இருமுறை நடக்க வைக்காதிருப்போம். ஏலத்தோட்டத்திலிருந்து திரும்பும் பெண்மணி மாலையில் எதிர்பார்ப்பதும், தொழுதுவிட்டு நாம் எதிர்பார்ப்பதும் நம் மொழியில் ஒரே சொல்தான். அவருக்குரியதை நாம் நிறுத்தி வைத்துக்கொண்டு, நமக்குரியதை இறைவனிடம் எந்த முகத்தோடு கேட்போம்?

உழைத்தவரின் உரிமையை உரிய நேரத்தில் கொடுப்போராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக.