தலைக்கணக்கும் தரையும்

லா சப்பல் கடைவாசல்களிலும் சென் தெனியில் நடக்கும் ஒன்றுகூடல்களிலும் 2009க்குப் பின்னர் அடிக்கடி காதில் விழுந்த சொல் 'வாழ்வாதாரம்'. அச்சொல்லுக்கு எம்மவர் கொடுத்த உருவம் பெரும்பாலும் ஒரு கறவைமாடு. விதவைக்கு ஒரு மாடு, அனுப்பியவருக்கு ஒரு புகைப்படம். நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் மாட்டின் பேரால் கொடுக்கப்படும் நிவாரணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நாம் ஒதுங்கியிருக்கும் இந்த நாட்டிலேயே உண்டு.

பிரான்சில் 1964 யூலை 10ஆம் திகதிச் சட்டம் விவசாய அனர்த்தங்களுக்கென ஒரு தேசிய நிதியத்தை ஏற்படுத்தியது. 1976இல் அந்த நிதியத்தால் தாங்க முடியாத வரட்சி வந்தது. நோர்மண்டியிலும் பிரெத்தாஞ்சிலும் புல் கருகியது. இராணுவ லொறிகளிலும் புகையிரதத்திலும் வைக்கோல் ஏற்றிவரப்பட்டது. தீனி கிடைக்காதவர்கள் பசுக்களை இறைச்சிக்கு விற்றார்கள். ஓகஸ்டில் ஜாக் சிராக் பதவி விலக, றேமோன் பார் பிரதமரானார். நட்டஈட்டுக்குப் பணம் தேட வருமானவரிக்கு மேல் ஒரு மேலதிக வரி போடப்பட்டது. 'வரட்சி வரி' என்றே இன்றும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அறவிட வருவதற்குள் மழை வந்துவிட்டது. நகரத்துச் சம்பளக்காரர் முணுமுணுத்தனர்.

மாட்டுக்காரருக்குப் பணம் தலைக்கணக்கில் போனது. தலைக்கணக்கு நியாயமானதுபோலத் தோன்றும். ஆனால் தலை அதிகம் உள்ளவனுக்குப் பணமும் அதிகம். விவசாயிகள் அனைவரும் ஒரே வர்க்கம் என்ற பேச்சை பேர்னார் லம்பேர் 1970இலேயே தன் நூலில் உடைத்திருந்தார். எனக்கு இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. 1960களிலிருந்து இங்கே பழைய புல்வெளிகளை உழுது தீவனச்சோளம் போட்டார்கள். சோளத்துக்குக் கோடையில் தண்ணீர் வேண்டும். வரட்சி அந்த இடத்தில்தான் அடித்தது. நட்டஈட்டுப் படிவம் மாட்டை எண்ணியது, புல்வெளி எங்கே போனதென்று கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் 2018 கஜா புயலுக்குப் பின் பசுவுக்கு 30,000 ரூபா, ஆட்டுக்கு 3,000. இந்திய விதியில் ஒரு குடும்பத்துக்கு மூன்று பெரிய கறவை விலங்குகள் என்ற வரம்பும் இருந்தது. பெரிய பண்ணைக்காரன் அள்ளிக்கொண்டு போகாமலிருக்க அது ஒரு வழி. பிரெஞ்சு முறையைவிடப் பரவாயில்லை என்பேன். அங்கும் எண்ணப்பட்டது தலைதான்.

இனி மட்டக்களப்பு. பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் பட்டிக்காரர் மாடுகளை மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவார்கள்; அறுவடை முடியத் திரும்புவார்கள். வயலும் பட்டியும் ஒன்றையொன்று கெடுக்காமலிருக்கத் தலைமுறைகளாக நடந்துவந்த ஏற்பாடு அது. அத்தரை மகாவலித் திட்டத்தின் 'பி' வலயத்துக்குள் வருகிறது. 2020இல் வெளிமாவட்டத்தவர் அங்கே காடழித்துப் பயிரிடத் தொடங்கினர். பயிர் என்ன? சோளம்! பின்னர் மாடுகள் சுடப்பட்டன, வெட்டப்பட்டன.

2022 டிசெம்பரில் மண்டூஸ் புயலின் குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. குளிர்தான் காரணம் என்றது அரசு. அதை மறுக்க வேண்டியதில்லை. வெட்டவெளியில், மாரி மழையில், வயிறு காய்ந்து நிற்கும் மாட்டைக் குளிர் முதலில் எடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இயற்கை அனர்த்தம் என்று எழுதினால் நட்டஈட்டுக்கு ஒரு நிரல் கிடைக்கும். தரை பறிபோனதற்கு அப்படியொரு நிரல் கிடையாது. வன்னியில் 2009இல் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடிவந்தவர்களின் மாடுகளுக்கு யார் தலைக்கணக்கு எடுத்தது?

"தரைக்கு நாங்கள் காசு சேர்க்கேலாது, மாட்டுக்குச் சேர்க்கலாம்" என்று இங்கே ஒரு நண்பர் வாதிடுகிறார். கையிலிருக்கும் வழி அதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தவர்களிடம் மாடு இருந்தது. அவர்கள் கேட்டது மேய்ச்சல்தரையை.