65 ஆண்டு மறக்காத உடம்பு

நோய் எதிர்ப்பாற்றல் என்றதும் நமக்கு ஆய்வகமும் நுண்ணோக்கியும்தான் கண்முன் வருகின்றன. உடம்புக்கு நீண்ட நினைவு உண்டு என்பதற்கு உறுதியான சான்று கிடைத்ததோ, நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையில் கிடக்கும் ஃபாரோ தீவுகளின் மீனவர் வீடுகளில். 1846 மார்ச் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய தச்சர் ஒருவருக்குச் சில நாளில் தட்டம்மை கண்டது. அடுத்த சில மாதங்களில், 7,800 பேர்கூட இல்லாத அத்தீவுகளில் ஏறத்தாழ 6,000 பேர் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய இரு மருத்துவர்களில் ஒருவர் பீட்டர் லுட்விக் பனூம், வயது 25. கெட்ட காற்றே நோய் பரப்புகிறது என்று பெரிய மருத்துவர்களே நம்பிய காலம் அது. பனூம் படகேறி ஊர் ஊராகப் போய், யாருக்கு எந்தத் தேதியில் தடிப்பு வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஜூன் 4 அன்று திமிங்கில வேட்டைக்கு ஒரே படகில் போன பத்துப் பேருக்கும் ஜூன் 18 அன்று தடிப்பு எழுந்திருந்தது. காற்று இத்தனை கச்சிதமாக நாள் பார்த்து வேலை செய்யாது.

இதைவிடப் பெரிய செய்தி கிழவர்களிடம் இருந்தது. அத்தீவுகளுக்குத் தட்டம்மை அதற்கு முன் வந்தது 1781-இல். அப்போது அம்மை கண்டு பிழைத்தவர்களில் ஒருவரைக்கூட அது மறுபடி தொடவில்லை. அப்படிப்பட்ட 98 பேரைப் பனூம் நேரிலேயே அறிந்திருந்தார். முதியவர்களுக்கு அம்மை எளிதில் ஒட்டாது, அவ்வளவுதான் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் 1781-இல் தப்பித்த முதியவர்கள் நோயாளிகளோடு பழகியதும் இம்முறை மாட்டிக்கொண்டார்கள். ஆகவே காரணம் வயதல்ல. இடையில் நோய் ஓசையின்றி வந்துபோய் நினைவைப் புதுப்பித்திருக்கலாமே என்றால், அப்படி வந்துபோயிருந்த ஊரில் அம்மையே காணாத 6,000 பேர் மிஞ்சியிருப்பார்களா? 65 ஆண்டுகள் யாரும் நினைவூட்டாமலே உடம்பு தன் பகையை அடையாளம் வைத்திருந்தது என்பதே பொருந்தும் விளக்கம்.

எப்படி என்பது பின்னால்தான் தெரிந்தது. நோய் தணிந்த பிறகும் சில நினைவு செல்கள் தங்கிவிடுகின்றன. எலும்பு மஜ்ஜையில் குடியேறிய வேறு சில செல்கள் எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. எல்லா நோய்க்கும் இது பலிக்காது. ஃப்ளூ வைரஸ் அடிக்கடி வேடம் மாற்றுவதால் பழைய அடையாளம் முழுதாக உதவுவதில்லை. தட்டம்மை வைரஸின் முகம் அவ்வளவாக மாறுவதில்லை. சரி, ஒருமுறை வந்து போகட்டுமே, தடுப்பூசி எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஃபாரோவில் அந்த நினைவுக்கு விலையாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பிழைத்தவர்களும் உடனே முழுதாக மீண்டுவிடுவதில்லை. தடுப்பூசி போடாமல் தட்டம்மை கண்ட குழந்தைகளை 2019-இல் வெளியான ஆய்வொன்று சோதித்தபோது, மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் அதுவரை சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்துபோயிருந்தன.