விரட்டும் எண்ணெய் அழைத்து வந்த ஈ



செராய் வாங்கி எனப்படும் வாசனைப் புல்லின் எண்ணெயைக் கொசு விரட்டப் பூசிக்கொள்கின்றோம். அவ்வகை எண்ணெயே வேறொரு பூச்சியை அழைத்து வந்த வரலாறு மாணவர்களுக்குச் சொல்லத்தக்கது.

பீகாரின் பூசா வேளாண் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றிய ஹௌலெட் என்னும் பூச்சியியலார், சிட்ரொனெல்லா எண்ணெயின் மணத்தைப் பழ ஈக்கள் நாடி வருவதை 1912-ஆம் ஆண்டில் எழுதினார். வந்தவை ஆண் ஈக்களே! பிரித்துப் பார்த்த அந்தப் பொறுமையை நான் பெரிதும் மதிக்கின்றேன். ஈர்க்கும் பொருள் மீத்தைல் யூஜினால் என்பதை 1915-இல் அவர் வெளியிட்டார். அது துளசியிலும் உண்டு.

பெண் ஈ ஆரஞ்சு, மா, கொய்யா ஆகியவற்றின் தோலைத் துளைத்து முட்டையிடும். புழு உள்ளேயிருந்து சதையைத் தின்னும். வெளியே ஒரு சிறு புள்ளி மட்டுமே தெரியும். மேலே தெளிக்கும் மருந்து புழுவை எளிதில் எட்டாது. ஆண் ஈக்களை அழித்தால் முட்டைகள் கருவுறா. ஆனால் ஓர் ஆண் பல பெண்களுடன் சேரக்கூடியது. ஆகவே ஏறக்குறைய அனைத்தையும் அழித்தாக வேண்டும்.

பசிபிக் கடலின் ரோட்டா தீவில் 1960-களின் முற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினர். மீத்தைல் யூஜினாலும் நாலெட் என்னும் நஞ்சும் ஊறிய சிறு நார்ப்பலகைத் துண்டுகளை விமானத்திலிருந்து வீசினர். தீவில் அந்த ஈ ஒழிந்தது.

ஜப்பானின் தென்மேற்குத் தீவுகளுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. ஈ பரவிவிடும் என்பதால் அங்கு விளைந்த ஆரஞ்சு வகைகளைத் தலைநிலத்திற்குத் தடையின்றி அனுப்ப இயலவில்லை. 1968-இல் தொடங்கிய ஒழிப்புப் பணி 1986-இல்தான் நிறைவுற்றது. பதினெட்டு ஆண்டுகள்! ஒகசவாரா தீவுகளில் இம்முறை மட்டும் போதவில்லை. மலடாக்கப்பட்ட ஈக்களையும் பறக்கவிட நேர்ந்தது.

மலேசியாவில் காடும் தோட்டமும் அடுத்தடுத்து இருப்பதால், அந்தத் தீவுகளில் போல் முற்றாக ஒழிப்பது எளிதன்று. நட்சத்திரப் பழத்தைக் காகிதப் பையால் மூடிக் காக்கின்றனர். இங்குள்ள காட்டு ஆர்க்கிட் மலர்கள் சிலவும் இதே மீத்தைல் யூஜினாலைச் சுரக்கின்றன. அதை உண்ண வரும் ஆண் ஈ, முதுகில் மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றது. உண்டதைக் கொண்டு, பெண் ஈயைக் கவரும் மணத்தைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்கின்றது.